மேலூர் தம்பிக்கு: போனுக்கும் பேட்டரி வண்டிக்கும் சார்ஜ் போடுவது பற்றி

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். புதுப் போன் வாங்கியிருக்கிறீர்கள். கடைக்காரர் "முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க, அப்புறம் சுத்தமா இறங்கின பிறகுதான் மறுபடி போடணும்" என்றார். நண்பரோ எண்பதுக்கு மேல் ஏற்றவே கூடாது, இருபதுக்குக் கீழே இறங்கவே விடக் கூடாது என்கிறார். டீச்சரான உங்கள் அம்மாவுக்கு வாங்கிய பேட்டரி வண்டி வீட்டு முன்னால் தகர செட்டில் நிற்கிறது, அதைப் பார்த்த மெக்கானிக் "எப்பவும் ஃபுல்லாவே வச்சிருங்க, அதுதான் பேட்டரிக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூவரில் யார் சொல்வதைக் கேட்பது?

வேடிக்கை என்னவென்றால் மூவருமே ஏதோ ஒரு பேட்டரிக்குச் சரியானதைத்தான் சொல்கிறார்கள். கடைக்காரர் சொல்வது நிக்கல் காட்மியம் பேட்டரியின் சட்டம். பழைய கார்ட்லெஸ் போன், ஷேவர், ஆரம்பகாலச் செல்போன் எல்லாம் அந்த வகை. முழுதாக இறக்காமல் பாதியிலேயே ஏற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பாதியையே தன் கொள்ளளவு என்பதுபோல் நடந்துகொள்ளும் குணம் அதற்கு உண்டு. மெக்கானிக் சொல்வது லெட் ஆசிட், அதாவது இன்வெர்ட்டர் பேட்டரி, கார் பேட்டரியின் சட்டம். அதைச் சார்ஜ் இறங்கிய நிலையில் போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், நிரம்பியிருப்பதுதான் அதற்கு ஆரோக்கியம். உங்கள் போனிலும் வண்டியிலும் இருப்பது லித்தியம் அயான். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. இதன் குணம் அந்த இரண்டுக்கும் கிட்டத்தட்ட நேர் எதிர்: சுத்தமாக இறங்குவதும் பிடிக்காது, நிரம்பி வழியக் காத்துக்கிடப்பதும் பிடிக்காது. ஆக உங்கள் நண்பர்தான் கிட்ட வந்திருக்கிறார். ஆனால் அவரும் சதவீதத்தையே பிடித்துக்கொண்டு, நம் ஊரில் அதைவிடப் பெரிய எதிரியான சூட்டை விட்டுவிட்டார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு பக்கம் கிராஃபைட், மறு பக்கம் ஓர் உலோக ஆக்சைடு, நடுவில் லித்தியம் உப்பு கரைந்த ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும், செலவாகும்போது திரும்பி வரும். கிராஃபைட்டின் மேல் முதல் சில சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் உண்டாகிவிடும். தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று உண்டாக்குவதுதான், அது இல்லாவிட்டால் பேட்டரியே இல்லை. சிக்கல் என்னவென்றால் அந்தப் படலம் வளர்வது நிற்பதே இல்லை. வளர வளர லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போகும், தின்ற லித்தியம் திரும்ப வராது. போனை வாங்கிப் பிரிக்காமல் பீரோவில் வைத்தாலும் பேட்டரி வயதாவது இதனால்தான். மறு பக்கத்தில், வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்போது அந்தத் திரவமே சிதைய ஆரம்பிக்கும், வாயு உண்டாகும். ஒரு செல்லின் முழு சார்ஜ் பொதுவாக 4.2 வோல்ட். இப்போது வரும் போன்களில் கூடுதல் கொள்ளளவுக்காக 4.4-ஐயும் தாண்டி ஏற்றுகிறார்கள், அதனால் உச்சியில் நெருக்கடி இன்னும் அதிகம்.

நம் வைகை அணையை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்த உயரம் 71 அடி என்றாலும் 66 அடியிலேயே முதல் வெள்ள எச்சரிக்கை கொடுத்துவிடுகிறார்கள், 69-ல் மூன்றாம் எச்சரிக்கை. கொள்ளும் என்பது வேறு, அந்த அளவிலேயே நாள்கணக்கில் நிறுத்திவைப்பது வேறு. பேட்டரிக்கும் கடைசிப் பத்து இருபது சதவீதம் அப்படித்தான்.

இதோடு வெயிலைச் சேருங்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ரசாயன வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு, பேட்டரி கெடுவதும் ஒரு வினைதான். பேட்டரித் துறையில் பலரும் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு இருக்கிறது: லித்தியம் பேட்டரியை 40 சதவீத சார்ஜில், 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் கொள்ளளவில் நாலு சதவீதம் போகும். அதே 25 டிகிரியில் ஃபுல்லாக வைத்திருந்தால் இருபது சதவீதம் போகும். 40 டிகிரி என்றால் அதே 40 சதவீத சார்ஜிலேயே பதினைந்து, ஃபுல் சார்ஜில் முப்பத்தைந்து. ஒவ்வொரு கம்பெனி செல்லுக்கும் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் போக்கு இதுதான். சித்திரை வைகாசியில் மதுரையில் நாற்பதைத் தொடுவது அதிசயமா என்ன? குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுகிற ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்வதில் இருக்கும் ஓட்டை இதுதான். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது என்று அவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். உண்மைதான், அந்தக் குளிரில் லித்தியம் கிராஃபைட்டுக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படியும். நமக்கு அது எந்தக் காலத்தில் வரப்போகிறது?

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் செல்போன் சர்வீஸ் பார்க்கிறவன் நான். பேட்டரி மாற்ற வருகிறவர்களில் சாப்பாடு டெலிவரி பண்ணும் பையன்களும் ஆட்டோ, டாக்ஸி ஓட்டுகிறவர்களும்தான் அதிகம், அதற்குக் காரணம் சதவீதம் இல்லை. காளவாசல் சிக்னலில் மத்தியானம் ஒரு மணிக்கு நிற்கும் ஒரு டெலிவரி வண்டியைப் பாருங்கள். ஹேண்டில்பாரில் ஸ்டாண்ட், அதில் போன், முகம் வானத்தைப் பார்த்தபடி. மேப் ஓடுகிறது, வெயிலில் தெரிய வேண்டுமென்று வெளிச்சம் முழுசாக வைத்திருக்கிறார், நெட் இழுத்துக்கொண்டே இருக்கிறது, கீழே வண்டியின் யூஎஸ்பியிலிருந்து சார்ஜும் ஏறுகிறது, இதற்கு மேல் தடித்த ரப்பர் கவர். நாலு பக்கமும் சூடு. பேட்டரி 45 டிகிரியை ஒட்டினால் நிறையப் போன்கள் தாமாகவே சார்ஜைக் குறைக்கும் அல்லது நிறுத்திவிடும், உடனே சார்ஜர் கெட்டுப்போச்சு என்று புது சார்ஜர் வாங்குவார்கள். அந்தப் போன்களின் பின்மூடியைத் திறந்தால் பேட்டரி பிஸ்கட் பாக்கெட் காற்றடைத்தது போல மெத்தென்று இருக்கும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: காலையில் வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள், மத்தியானம் ஓட்டிக்கொண்டே சார்ஜ் போடாதீர்கள், ஆர்டருக்காகக் கடை வாசல் நிழலில் காத்திருக்கும் நேரத்தில் பவர் பேங்கில் பத்து இருபது சதவீதம் ஏற்றிக்கொண்டால் போதும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதால் ஒரு கெடுதலும் கிடையாது, லித்தியத்துக்கு அதுதான் பிடிக்கும். சூடான போனை ஃப்ரிட்ஜில் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். உள்ளே நீர் கோத்துவிடும், அப்புறம் பேட்டரியோடு போர்டும் போகும்.

சரி, ராத்திரி முழுக்க சார்ஜில் போடலாமா? எல்லோரும் கேட்பது. போன் வெடிக்குமா என்று பயந்து கேட்கிறார்கள், அந்தப் பயம் தேவையில்லை. நூறு வந்ததும் போனே கரண்டை நிறுத்திக்கொள்ளும், கொஞ்சம் இறங்கினால் தொட்டுத் தொட்டு ஏற்றும். கேடு வேறு இடத்தில் இருக்கிறது. பதினோரு மணிக்குச் செருகினால் பன்னிரண்டரைக்கே நிரம்பிவிடும், அதன் பிறகு விடியும்வரை ஐந்தாறு மணி நேரம் அந்த உச்சியிலேயே நிற்கும். அதுவும் தலையணைக்கு அடியில் என்றால் சூட்டோடு நிற்கும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, இரண்டு வருடம் தினமும் நடந்தால் தெரியும். இதற்கு மருந்து போனுக்குள்ளேயே இருக்கிறது. ஐபோனில் 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல், நீங்கள் எழும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு எண்பதில் நிறுத்தி, விடியும் நேரத்தில் மிச்சத்தை ஏற்றும் வசதி இருக்கிறது. ஐபோன் 15 முதல் எண்பதோடு நிறுத்திவிடவே தனி வசதி கொடுத்தார்கள். சாம்சங்கிலும் மற்ற ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் போனால் இதே மாதிரி ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு, போனைக் கவரோடு மெத்தையில் போடாமல் மேஜைமேல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். அலாரம் வைத்து எழுந்து ப்ளக்கைப் பிடுங்குகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன், அவ்வளவு பக்தி வேண்டாம்.

அந்த முதல் எட்டு மணி நேரக் கதையை இன்றோடு மறந்துவிடுங்கள். பேட்டரிகளைத் தனியாக விமானத்தில் அனுப்பும்போது 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்று 2016 முதல் சர்வதேச விதியே இருக்கிறது, காரணம் பாதுகாப்பு. பெட்டியைப் பிரிக்கும்போது சார்ஜ் குறைவாக இருப்பது பேட்டரியின் குறை இல்லை. அப்படியே பயன்படுத்தலாம், வேண்டியபோது ஏற்றலாம். சுத்தமாக இறக்கித்தான் ஏற்ற வேண்டும் என்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. திரையில் காட்டுகிற பூஜ்யம் நிஜமான பூஜ்யம் இல்லை, அதற்குக் கொஞ்சம் முன்பே போன் அணைந்துவிடும், அந்த மிச்சம்தான் பேட்டரிக்குக் காப்பு. ஆனால் அணைந்த போனை அப்படியே மாதக்கணக்கில் டிராயரில் போட்டால் அந்த மிச்சமும் தானாக வடிந்து, உள்ளே இருக்கும் செம்புத் தகடே கரைய ஆரம்பிக்கும். வெளிநாடு போன மகன் விட்டுப்போன போன் ஒரு வருடம் கழித்து உயிர்பெறாமல் கடைக்கு வருவது அப்படித்தான். எடுத்துவைக்க வேண்டிய போனைப் பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இருபது எண்பது கணக்குக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை உண்டு: செல்லை 4.2 வோல்ட்டுக்குப் பதில் 4.1-ல் நிறுத்தினால் சுழற்சி எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பழைய பொதுக்கணக்கு, அதற்கு விலை அன்றாடம் பத்து சதவீதம் பேக்கப் குறைவது. சுழற்சி என்பது ப்ளக் செருகிய தடவை இல்லை. இன்று ஐம்பது, நாளை ஐம்பது செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒன்று. ஆப்பிள் பழைய ஐபோன்களுக்கு 500 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் கொள்ளளவு இருக்கும் என்றது, ஐபோன் 15 முதல் 1000 என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் அங்கே விற்கும் போன்களுக்கு 800 சுழற்சி தாங்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது. ஆக சாதாரணமாகப் பயன்படுத்தினாலே இரண்டு மூன்று வருடம் ஓடத்தான் போகிறது. போன் பேட்டரி மாற்ற ஆகும் செலவுக்குப் பயந்து, திருச்சிக்குப் பஸ் ஏறும் நாளில்கூட எண்பதோடு கிளம்புவேன் என்று அடம்பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியூர் போகிற அன்று நூறு ஏற்றுங்கள், ஏற்றிய உடனே கிளம்பிச் செலவழிக்க ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் கெடாது. வீட்டில் இருக்கும் நாளில் எண்பது போதும். மூன்று வருடத்தில் போனையே மாற்றுகிறவர் என்றால் இந்தக் கவலையே படாமல் இருக்கலாம், ஐந்து வருடம் வைத்திருக்கும் என்னைப் போன்ற கஞ்சனுக்குத்தான் இது பலன் தரும்.

ஃபாஸ்ட் சார்ஜிங்? 67 வாட், 80 வாட் என்று பயமுறுத்தும் எண் எல்லாம் பேட்டரி காலியாக இருக்கும் முதல் பாதிக்குத்தான், மேலே போகப் போக போனே வேகத்தைக் குறைத்துவிடும். நிறைய மாடல்களில் பேட்டரியை இரண்டு செல்லாகப் பிரித்துச் சுமையைப் பங்கிட்டிருக்கிறார்கள். கம்பெனி சார்ஜரில் போடுவது தப்பில்லை. சார்ஜ் ஏறும்போதே கேம் ஆடுவதுதான் தப்பு, ஏறுகிற சூடும் விளையாடுகிற சூடும் சேர்ந்துகொள்ளும். வயர்லெஸ் சார்ஜிங்கில் வயரில் ஏறுவதைவிடச் சூடு அதிகம், கோடையில் தவிர்த்துவிடலாம். ரோட்டோரத்தில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சார்ஜர் பேட்டரியை நேரடியாகக் கெடுப்பது குறைவு, எவ்வளவு கரண்ட் எடுப்பது என்பதைப் போனுக்குள் இருக்கும் சிப்தான் தீர்மானிக்கிறது. ஆனால் உள்ளே ஒழுங்கான தடுப்பு இல்லாமல் மெயின் கரண்ட் போனுக்கே வந்துவிடலாம் என்பதால் அதைத் தொடாதீர்கள்.

இப்போது அம்மாவின் வண்டி. உண்மையில் உங்கள் கவனம் முழுக்க இங்கேதான் இருக்க வேண்டும், ஏனென்றால் போன் பேட்டரி இரண்டு மூன்று ஆயிரத்தில் முடியும், வண்டி பேட்டரி பெரும்பாலானவற்றில் அரை லட்சத்தைத் தாண்டும். முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். லித்தியத்தில் இரண்டு வகை ஓடுகிறது: நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் சேர்ந்த என்எம்சி, இரும்பு பாஸ்பேட் கொண்ட எல்எஃப்பி. போன்களில் இன்னமும் இருக்கும் கோபால்ட் ஆக்சைடை 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்த ஜான் குடினஃப்தான் 1990களின் பிற்பாதியில் டெக்சாஸில் இந்த இரும்பு பாஸ்பேட்டையும் கொண்டுவந்தார். 2019-ல் தன் 97-வது வயதில் நோபல் பரிசும் வாங்கினார். எல்எஃப்பி கொஞ்சம் கனம், ஆனால் சூட்டை நன்றாகத் தாங்கும், சுழற்சிகளும் அதிகம். அதன் வோல்டேஜ் நடுவில் ஏறாமல் இறங்காமல் தட்டையாக இருப்பதால் எவ்வளவு மிச்சம் என்று வண்டிக்கே சரியாகக் கணக்குத் தெரியாது. அதனால் வாரத்துக்கு ஒருமுறையோ மேனுவலில் போட்டிருக்கும் இடைவெளியிலோ நூறு வரை ஏற்றிக் கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். என்எம்சி என்றால் அன்றாடம் எண்பது தொண்ணூறோடு நிறுத்துவது நல்லது. சில கம்பெனிகள் திரையில் நூறு என்று காட்டும்போதே மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிறுத்துகிறார்கள், மேனுவலில் நூறு பரவாயில்லை என்றிருந்தால் கம்பெனி பேச்சைக் கேளுங்கள்.

அடுத்தது நேரம். மேலூரிலிருந்து அம்மா பள்ளிக்கூடம் போய்விட்டு நாலரை மணி வெயிலில் வந்து நிறுத்தியதும் ப்ளக்கைச் செருகுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. பேட்டரி ஏற்கெனவே சூட்டில் இருக்கிறது, தகர செட்டோ பகல் முழுக்க வாங்கிய வெயிலைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. சீட்டில் கை வைத்துப் பாருங்கள், சுடும். ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். அதைவிட நல்லது, ராத்திரி படுக்கும் நேரத்தில் போட்டு, விடியற்காலை நிரம்புமாறு பார்த்துக்கொள்வது. வண்டியின் ஆப்பில் நேரம் குறித்துவைக்கும் வசதி இருந்தால் வேலை சுலபம். நிரம்பியதும் ஏழெட்டு மணிக்கு அம்மா கிளம்பிவிடுவார், உச்சியில் நிற்கும் நேரமும் குறைவு, சூடும் குறைவு. செட் கூரைக்கு மேல் தென்னங்கீற்று போட முடிந்தால் போடுங்கள், செலவு அதிகமில்லை, கீழே இறங்கும் சூடு கையில் தெரிகிற அளவுக்குக் குறையும்.

மே மாத லீவை மறந்துவிடாதீர்கள். டீச்சர் வண்டிகளுக்கு இது பெரிய கண்டம். பள்ளிக்கூடம் மூடியதும் மெக்கானிக் சொன்னபடி ஃபுல் சார்ஜ் ஏற்றி, கத்திரி வெயிலில் ஒரு மாதம் நிறுத்திவைப்பீர்கள், மேலே சொன்ன கணக்கில் ஆக மோசமான வரிசை அதுதான். ஐம்பது அறுபது சதவீதத்தில் நிழலான இடத்தில் நிறுத்துங்கள். வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் சும்மா நின்றாலும் கொஞ்சம் கொஞ்சம் குடிக்கும், அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்து, முப்பதை நோக்கி இறங்கியிருந்தால் மறுபடி பாதிவரை ஏற்றுங்கள்.

ப்ளக் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடாதீர்கள், ஒழுங்கான எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்டை எலக்ட்ரீஷியனை வைத்துத் தனியாக இழுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரே வாசல் என்றால் அந்த வாசலை மறித்து வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடவே வேண்டாம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி ராத்திரியில் தீப்பிடித்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். அந்த வருடம் நாட்டில் அடுத்தடுத்து நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியை இறுக்கி, 2022 டிசம்பரிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முந்தைய பழைய வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

லேப்டாப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் இருந்தால்: நாள் முழுக்க ப்ளக்கிலேயே இருக்கிறது என்றால் செட்டிங்ஸில் அறுபதிலோ எண்பதிலோ நிறுத்தும் வசதியைப் போடுங்கள், அவ்வளவுதான். பவர் பேங்கை காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்தாலும் ஒரு நாள் பேட்டரி தீரும், அப்போது மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முன்பு ஆடாமல் இருந்த போன் தட்டையான மேஜையில் மல்லாக்க வைத்தால் இப்போது ஆடுகிறதா, திரையின் ஓரம் லேசாகத் தூக்கி உள்ளிருந்து வெளிச்சக் கோடு தெரிகிறதா, பின்மூடி ஒரு பக்கம் விட்டிருக்கிறதா, இதில் ஒன்று இருந்தாலும் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிறேன் என்கிற வீரம் வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது தீப்பிடிக்கிற வாயு. புதுப் பேட்டரி போடும்போது அதன் மேல் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். லேபிளையும் போலியாக அடிக்கிறார்கள்தான், ஆனால் அது கூட இல்லாததை வாங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை. கழற்றிய பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே விட்டுவிடுங்கள், 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி தயாரித்த கம்பெனிதான் அதைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும்.